ஆளுநரை நீக்கும் அதிகாரம் யார் கையில்?

(கேரள உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி, 2025 நவம்பர் இறுதியில் பாலக்காடு மாவட்டம் கோவிந்தாபுரத்தில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

தோழர்களே,

நமது வேட்பாளர்களைப் பற்றியும், குடிநீர், பட்டா, மாந்தோப்புத் தொழிலாளர்களின் கூலி ஆகியவற்றைப் பற்றியும் எனக்கு முன் பேசிய தோழர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தரப்பட்ட பொருள் ஆளுநர் பிரச்சினை. பஞ்சாயத்துத் தேர்தலில் ஆளுநருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வீடு வீடாகச் சென்று வந்த தோழர்கள் ஒரு கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். படித்த இளைஞர்கள் கேட்கும் கேள்வி அது. "ஆளுநர் அரசியல் சட்டத்தை மீறுகிறார் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறீர்கள். சட்டமன்றத்தில் உங்களுக்குப் பெரும்பான்மை இருக்கிறது. பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்து அனுப்பிவிட வேண்டியதுதானே? எதற்கு ஊர்வலமும் மனுவும்?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வரியில் விடை சொல்லலாம்: நமது அரசியல் சட்டத்தில் ஆளுநரைப் பதவி நீக்கம் செய்யும் தீர்மானத்திற்கு இடமே இல்லை. குடியரசுத் தலைவரை நாடாளுமன்றம் நீக்கலாம். அதற்கு 61ஆவது பிரிவு இருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கலாம். அதற்கு 124ஆவது பிரிவு இருக்கிறது. இந்தக் கோவிந்தாபுரத்தை உள்ளடக்கிய முதலமடை கிராமப் பஞ்சாயத்தின் தலைவரைக்கூட உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மூலம் இறக்கிவிடலாம். ஆளுநரை மட்டும் எந்தச் சட்டமன்றமும் தொட முடியாது. அவர் "குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை" பதவியில் இருப்பார் என்கிறது 156ஆவது பிரிவு. குடியரசுத் தலைவரின் விருப்பம் என்றால் தில்லியில் ஆட்சி செய்யும் அமைச்சரவையின் விருப்பம் என்று பொருள்.

ஆனால் இந்த ஒரு வரி விடையோடு நிறுத்திவிடக் கூடாது. ஏன் இடமில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1948 பிப்ரவரியில் வெளியான வரைவு அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஆளுநர் நியமிக்கப்படுபவர் அல்லர். மாநிலத்தின் வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது சட்டமன்றம் தேர்ந்தெடுத்துத் தரும் பட்டியலிலிருந்து குடியரசுத் தலைவர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று இரண்டு வழிகள் அதில் எழுதப்பட்டிருந்தன. கூடவே 137ஆவது வரைவுப் பிரிவு ஒன்றும் இருந்தது. அரசியல் சட்டத்தை மீறும் ஆளுநரின் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டைக் கொண்டுவரும் உரிமையை அது மாநிலச் சட்டமன்றத்துக்கு அளித்தது. இன்று இளைஞர்கள் கேட்கும் அதிகாரம் வரைவில் இருந்தது, தோழர்களே!

1949 மே 30, 31 தேதிகளில் அரசியல் நிர்ணய சபை இதை மாற்றியது. மக்கள் வாக்கால் வந்த ஆளுநரும் மக்கள் வாக்கால் வந்த முதலமைச்சரும் மோதிக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. பிரிவினைக்குப் பிந்தைய காலம். நாட்டின் ஒற்றுமை பற்றிய அச்சம் இருந்தது. நேருவும் நியமன முறையை ஆதரித்தார். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு தலைமைகள் வேண்டாம் என்பது சரியான கருத்துதான். ஆனால் தேர்தலை எடுத்தவர்கள் அதோடு பதவி நீக்கப் பிரிவையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுக்காதவரை மக்களின் பிரதிநிதிகள் நீக்க முடியாது என்ற நிலை அன்றுதான் பிறந்தது.

அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஆகவே அவரை நீக்கும் உரிமையும் அங்குள்ள சட்டமன்றத்துக்கு உண்டு. 2009 ஜனவரியில் இல்லினாய் மாநில ஆளுநர் பிளாகோயெவிச் ஊழல் குற்றச்சாட்டில் சிக்கியபோது, அம்மாநிலச் செனட் 59 வாக்குகளுக்கு எதிர் வாக்கு ஒன்றுகூட இல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அங்கே ஒரு கட்சி ஆளுநரை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரலாம். அடுத்த தேர்தலில் அவருக்கு எதிராகத் தன் வேட்பாளரை நிறுத்தவும் செய்யலாம். நமக்கு இரண்டு வழியும் கிடையாது. அமெரிக்க ஜனநாயகத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் லட்சணம் உங்களுக்குத் தெரியும். நியமனமும் பொறுப்பின்மையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் பொறுப்பின்மையின் முதல் பெரிய பலி எது? நமது ஆட்சிதான். 1957 ஏப்ரல் 5 அன்று தோழர் இ.எம்.எஸ். தலைமையில் பதவியேற்ற அமைச்சரவை நிலச்சீர்திருத்தத்தையும் கல்விச் சட்டத்தையும் கையில் எடுத்தது. 1959 ஜூலை 31 அன்று, ஆளுநர் ராமகிருஷ்ண ராவின் அறிக்கையை முன்வைத்து அது கலைக்கப்பட்டது. இந்த வரலாறு நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அதற்குள் தமிழ்த் தொழிலாளர்களின் வரலாறு ஒன்று இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இருந்தன. அந்த மலையில் தேயிலை பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். 1957 தேர்தலில் தேவிகுளம் தொகுதியில் தோழர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958இல் இடைத்தேர்தல். தோட்டத் தொழிலாளர்களிடையே அன்று மேடைக்கு மேடை பாட்டுப் பாடி வாக்குக் கேட்டவர் பாவலர் வரதராஜன். இசையமைப்பாளர் இளையராஜாவின் அண்ணன். தோழர் ரோசம்மா மீண்டும் வென்றார். ஒரே வேட்பாளரை ஓராண்டு இடைவெளியில் இருமுறை வெற்றிபெறச் செய்தார்கள், லயங்களில் வாழ்ந்த அந்த மக்கள். கங்காணியின் கண்ணுக்கு முன்னால், தோட்ட முதலாளியின் விருப்பத்துக்கு மாறாக, ஒரு தொழிலாளி வாக்களிப்பது அன்று எத்தகைய துணிச்சல் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு தேர்தல்களின் பயனும் ஓர் அறிக்கையில் முடிந்தது. அறிக்கை எழுதியவரை எந்தத் தொழிலாளியும் தேர்ந்தெடுக்கவில்லை. அவரிடம் விளக்கம் கேட்கவும் வழியில்லை. 361ஆவது பிரிவின்படி ஆளுநர் தமது பதவிக் கடமைகளுக்காக எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

அந்த அமைச்சரவையில் சட்டத்துறையை வகித்தவர் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர். பதவி இழந்த அந்த அமைச்சர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1974இல் சம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வில் அவரும் இருந்தார். ஒருசில விதிவிலக்குகள் தவிர, குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்தத் தீர்ப்பை ராஜ்பவன்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆளுநரைத் திரும்பப் பெறு என்ற முழக்கமும் புதியதல்ல. மேற்கு வங்கத்தில் 1967 நவம்பர் 21 அன்று ஆளுநர் தர்மவீரா ஐக்கிய முன்னணி அமைச்சரவையைக் கலைத்தார். 1969 பிப்ரவரியில் இடைக்காலத் தேர்தல் நடந்தது. 280 இடங்களில் 214 இடங்களை ஐக்கிய முன்னணிக்கு மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். புதிய அரசு தர்மவீராவைத் திரும்பப் பெறுமாறு கோரியது. மார்ச் மாதம் சட்டமன்றத்தில் அமைச்சரவை தயாரித்துக் கொடுத்த உரையை வாசிக்க வந்த அவர், தமது 1967ஆம் ஆண்டுச் செயலைக் கண்டித்த இரண்டு பத்திகளை விழுங்கிவிட்டார். அடுத்த மாதமே அவர் வங்கத்தை விட்டுப் போக நேர்ந்தது.

வெற்றிதான். ஆனால் எத்தகைய வெற்றி? அதே ஆண்டு தர்மவீரா மைசூர் மாநில ஆளுநராக அமர்ந்தார். கேரளத்தில் ஆரிஃப் முகமது கான் நமது அரசோடு மோதிக்கொண்டே தமது காலத்தைக் கழித்தார். 2022 நவம்பர் 15 அன்று திருவனந்தபுரத்தில் ராஜ்பவன் நோக்கி நாம் நடத்திய பேரணியில் இந்த மாவட்டத் தோழர்களும் கலந்துகொண்டார்கள். 2024 ஜனவரி 25 அன்று அரசின் கொள்கை உரையில் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் அவர் வெளியேறினார். அந்த ஆண்டு முடிவில் பீகாருக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்த ராஜேந்திர ஆர்லேகர் இங்கே வந்தார். ஆள் மாறினார்; 2025 ஜூன் 5 அன்று சுற்றுச்சூழல் நாள் விழாவில் காவிக்கொடி ஏந்திய பாரத மாதா படத்தை முன்னிறுத்தியதால், வேளாண் அமைச்சர் தோழர் பி. பிரசாத் அரசு விழாவை ராஜ்பவனிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கல்கத்தாவிலிருந்து பெங்களூருக்கு, திருவனந்தபுரத்திலிருந்து பாட்னாவுக்கு. இடமாறுதலைப் பதவி நீக்கம் என்று எண்ணிக் கொள்ளக் கூடாது.

தமிழ்நாட்டிலும் இதே கதை. 2022 நவம்பரில் தி.மு.க. கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆர்.என். ரவியைத் திரும்பப் பெறக் கோரி குடியரசுத் தலைவருக்கு மனு அளித்தார்கள். இடதுசாரி உறுப்பினர்களும் கையொப்பமிட்டார்கள். மனு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு, இரண்டு மாதம் கழித்து 2023 ஜனவரி 9 அன்று விடை கிடைத்தது. தர்மவீரா செய்ததையே ரவியும் செய்தார். பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா பெயர்கள் இருந்த பகுதியை விட்டுவிட்டு உரையைப் படித்தார். முதலமைச்சர் அதைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தபோது அவையை விட்டு வெளியேறினார்.

இங்கே ஒரு குறிப்பு. 2020 ஜனவரியில் கேரள ஆளுநரைத் திரும்பப் பெறக் கோரும் தீர்மானத்துக்கு அறிவிப்புக் கொடுத்தவர் காங்கிரஸ் எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா. அன்று குடியுரிமைச் சட்டத்திருத்தத்தை எதிர்க்கும் பத்தியை ஆளுநர் வாயாலேயே சட்டமன்றத்தில் படிக்க வைப்பதுதான் நமது அரசின் நோக்கம். "இதில் எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்லிக்கொண்டே அவர் படித்தார். அரசின் கொள்கை அவைக் குறிப்பில் ஏறியது. எந்தக் கருவியை எந்த நேரத்தில் எடுப்பது என்பது அரசியல் தீர்ப்புக்கு உரியது. 1959இல் ஆளுநர் அறிக்கையைக் கொண்டு ஆட்சியைக் கலைத்த கட்சி இன்று ஆளுநர் அத்துமீறலைப் பற்றிப் பேசுவதை நாம் வரவேற்கலாம், மறக்க வேண்டியதில்லை.

ஆளுநர் தாமதத்தால் சாதாரண மனிதனுக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு இடுக்கியைக் காட்டுங்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் என்று வழங்கப்பட்ட நிலங்களில் பிற்காலத்தில் கடைகளும் கட்டடங்களும் எழுந்தன. அவற்றை முறைப்படுத்துவதற்கான நிலப்பதிவுத் திருத்த மசோதாவை 2023 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் கையெழுத்திடவில்லை. 2024 ஜனவரி 9 அன்று அவர் தொடுபுழாவுக்கு வந்தபோது மாவட்டமே கடையடைத்தது. ஏப்ரல் இறுதியில்தான் ஒப்புதல் வந்தது. ஏழு மாதம். மசோதாவில் குறை இருந்தால் திருப்பி அனுப்பியிருக்கலாம். குறை இல்லையென்றால் ஒரு நாளில் கையெழுத்திட்டிருக்கலாம். இரண்டுமின்றி வைத்திருந்ததற்கு ஒரு கணக்கும் இல்லை. அந்தத் திருத்தம் லயத்தில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு சென்ட் நிலமும் தந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அது வேறொரு போராட்டம், இன்னும் பாக்கி இருக்கிறது. நம் பகுதியில் மாடு வைத்திருப்பவர்களுக்கு மில்மாவைத் தெரியும். மில்மா தொடர்பான கூட்டுறவுத் திருத்த மசோதா 2023 நவம்பரில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஒப்புதல் மறுக்கப்பட்டது. அந்தப் பால் சங்கத்தின் விவகாரத்தில் தில்லிக்கு என்ன அவசரம்?

இப்போது, எல்லைப் பகுதித் தமிழர்களாகிய நம்மிடம் மட்டும் கேட்கப்படும் இன்னொரு கேள்விக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டுப் போவது எளிது. தவிர்க்கக் கூடாது.

2015இல் கேரளச் சட்டமன்றம் மலையாள மொழி மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கப்பட்டு, ஒப்புதல் பெறாமலே போயிற்று. இந்த ஆண்டு புதிய மசோதா நிறைவேறியிருக்கிறது. "தமிழ்ப் பள்ளிக்கும் தமிழ் விண்ணப்பத்துக்கும் இடையூறு வந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். அப்படியொரு மசோதாவை ஆளுநர் தடுத்தால் நமக்கு நல்லதுதானே?" என்று நமது ஆதரவாளர்களே கேட்கிறார்கள்.

இந்த அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். தமிழ் தெரியாத அலுவலரின் முன்னால் விண்ணப்பத்தோடு நின்றவனுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் விடை என்ன? தமிழ், கன்னடம் பேசும் மக்கள் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமை 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் இருக்கிறது. புதிய மசோதாவிலும் மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்பதை அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு சொல்கிறது. எழுதப்பட்ட உரிமை நடைமுறைக்கு வருகிறதா என்று பார்ப்பவர் யார்? பஞ்சாயத்து உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், தேவைப்பட்டால் நீதிமன்றம். ஒரு வாக்கியம் போதாதென்றால் திருத்தம் கேட்டு நமது உறுப்பினரின் சட்டையைப் பிடிக்கலாம். அவர் நாளை நம்மிடம் வாக்குக் கேட்டு வந்தாக வேண்டும். ஆளுநர் இன்று நமக்குப் பிடிக்காத மசோதாவை நிறுத்துவார். நாளை நமக்கு வேண்டிய மசோதாவையும் அதே மேசையில் நிறுத்துவார். இரண்டு முறையும் அவர் நம்மைக் கேட்கமாட்டார். இந்தியைத் திணிப்பவர்களின் ஆளுநர் தமிழைக் காப்பாற்றுவார் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, ஆளுநர் கிடப்பில் போட்ட 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது, காலக்கெடுவும் விதித்தது. நாம் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். மே 13 அன்று குடியரசுத் தலைவரின் பெயரில் 14 கேள்விகள் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டன. இந்த நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமது கருத்தைச் சொல்லிவிட்டது: ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்பதும் கூடாது. மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே முடக்கி வைக்க ஆளுநருக்கு உரிமையில்லை; விளக்கமின்றி நெடுங்காலம் செயலற்றிருந்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் வரம்புக்குட்பட்டு உத்தரவிடலாம் என்றும் அது சொல்லியிருக்கிறது. ஆக, கதவு முழுவதும் மூடப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு மசோதாவுக்கும் தில்லிக்கு வழக்கறிஞரை அனுப்பிக்கொண்டிருக்கும் மாநிலம் எப்போது ஆட்சி செய்வது?

எனவே நமது கோரிக்கையைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுநர் பதவியே வேண்டாம் என்பது இடதுசாரிகளின் நெடுநாள் நிலை. 1977 டிசம்பரில் மேற்கு வங்க இடது முன்னணி அரசு வெளியிட்ட மத்திய-மாநில உறவுகள் பற்றிய ஆவணத்தையும், அதற்கு முன் தமிழ்நாட்டில் 1971இல் வந்த ராஜமன்னார் குழு அறிக்கையையும் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். பதவி இருக்கும்வரை அதற்குப் பொறுப்பு வேண்டும். இதை நாம் மட்டும் சொல்லவில்லை. ஒன்றிய அரசே அமைத்த, முன்னாள் தலைமை நீதிபதி பூஞ்சி தலைமையிலான ஆணையம் 2010இல் அளித்த அறிக்கை, ஆளுநருக்கு ஐந்தாண்டு உறுதியான பதவிக்காலம் தருமாறும், அவரைப் பதவி நீக்கம் செய்யும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றத்துக்கு அளிக்குமாறும் பரிந்துரைத்தது. 1949இல் எடுத்தெறியப்பட்ட பிரிவு அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது என்று சொல்லலாம். காங்கிரஸ் ஆட்சியும் அதை ஏற்கவில்லை, பா.ஜ.க. ஆட்சியும் ஏற்கவில்லை. 2004இல் காங்கிரஸ் கூட்டணி பதவிக்கு வந்ததும் உத்தரப்பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா ஆளுநர்களை ஒரே வீச்சில் நீக்கியது. காரணமின்றி மனம்போனபடி நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் அதைக் கைவிட விரும்பமாட்டார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நம்மிடம் இன்று அது இல்லை.

ஆகவே வீடுகளுக்குச் செல்லும்போது "ஆளுநரை நீக்கிவிடுவோம்" என்று யாரும் வாக்குறுதி தர வேண்டாம். பஞ்சாயத்து உறுப்பினரால் முடியாத காரியம் அது. மக்கள் அதை அறிவார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். 1959இல் தேவிகுளத்து மக்களின் வாக்கு எப்படி அழிக்கப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். நியமிக்கப்பட்டவர்களின் ஆட்சி வேண்டுமா, கேள்வி கேட்கக்கூடியவர்களின் ஆட்சி வேண்டுமா என்று கேளுங்கள். நமது வேட்பாளரிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல அவரைக் கூடவே அழைத்துச் செல்லுங்கள். பாரதிய ஜனதா வேட்பாளர் வந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தின் மசோதாவை ஆளுநர் முடக்குவது சரியா என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். காங்கிரஸ் வேட்பாளரிடம் பூஞ்சி அறிக்கை அவர்களது ஆட்சியில் ஏன் தூங்கியது என்று கேளுங்கள்.

வாக்குப்பதிவு நமக்கு டிசம்பர் 11. இடுக்கியில் 9ஆம் தேதியே முடிந்துவிடும். மூணாறிலும் பீர்மேட்டிலும் உறவினர் உள்ள தோழர்கள் இந்த வாரமே தொலைபேசியில் பேசிவிடுங்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வேலைக்குப் போகும் வாக்காளர்களின் பட்டியலைக் கிளைச் செயலாளர்கள் தனியாக எடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வாக்களித்துவிட்டுப் பேருந்து ஏறச் சொல்லுங்கள், மாலை ஆறு மணிக்குள் திரும்ப முடியாதவர்கள் அவர்களில் அதிகம். கிராமப் பஞ்சாயத்து, ஒன்றியப் பஞ்சாயத்து, மாவட்டப் பஞ்சாயத்து என்று மூன்று வாக்குகள். வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று நிறத் தாள்கள் எந்திரத்தில் இருக்கும். முதல் வாக்கோடு திரும்பி வந்துவிடும் முதியவர்களுக்கு மாதிரித் தாளைக் காட்டி விளக்குங்கள்.